பிடியரிசியும் பெருஞ்செலவும்

உலைக்கு அரிசி எடுக்கும் போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, குசினி மூலையில் இருக்கும் சிறு முட்டியொன்றில் இட்டுவிட்டு, மிகுதியைக் கழுவுவது நம் பகுதிப் பெண்களின் வழக்கமாக இருந்தது. பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ கொடுப்பதற்கென்று சேர்த்தவர்களும் உண்டு. மாரி பிறந்து, கடலுக்குப் போவார் போகாமலும் கூலிக்குப் போவார் வேலையின்றியும் குந்தியிருக்கும் நாட்களில் அடுப்பு அணையாதிருக்க வேண்டுமென்று சேர்த்தவர்களும் உண்டு. எடுத்தது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. உண்டவர்களும் ஒரு பிடி குறைந்ததென்று முறையிட்டதில்லை. சிக்கனத்தைப் பற்றி மேடையேறிப் பேசும் எவரும் இந்தப் பிடியரிசியைத் தொடாமல் இறங்குவதில்லை. நானும் பல மேடைகளில் தொட்டிருக்கின்றேன்.

ஆனால் அந்தப் பிடியின் நிறை எவ்வளவு என்று நெடுங்காலம் நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஓட்டமாவடிப் பகுதிப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பித்து வந்த காலத்தில், கணித ஆசிரியர் வராத ஒரு பாடவேளை என் தலையில் விழுந்தது. கணிதத்திற்கும் எனக்கும் அவ்வளவு நல்லுறவு கிடையாது. ஆகவே தராசொன்றையும் கொஞ்சம் அரிசியையும் வரவழைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக ஒரு பிடி அள்ளச் சொன்னேன். சிறுமியரின் பிடி 40 கிராம் அளவில் நின்றது. என்னுடையது 55 கிராமைத் தாண்டியது. சராசரி 50 கிராம் என்று கொண்டோம். நாளொன்றுக்கு இருவேளை, ஆகவே 100 கிராம். மாதத்திற்கு 3 கிலோ, ஆண்டுக்கு 36 கிலோ. அரிசி கிலோ 220 ரூபாய் என்று இன்று கணக்கிட்டால் ஏறக்குறைய 8000 ரூபாய். இது சிறு தொகையன்று. ஏழைக் குடும்பமொன்றில் ஒரு பிள்ளைக்குச் சப்பாத்தும் சீருடைத் தையற்கூலியும் கொப்பிகளும் இதற்குள் அடங்கிவிடும்.

அன்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "இப்படிச் சேர்த்தா எத்தனை வருசத்தில ஒரு வீடு கட்டலாம், சேர்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. கேட்டவள் சிரிக்கவில்லை, அவளுக்கு மணமாகாத மூத்த சகோதரிகள் இருவர் இருந்தனர். இன்றைய விலையில் அவள் கேள்விக்கு விடை காண முயல்வோம். இரண்டு அறையும் ஒரு மண்டபமும் உள்ள கல்வீட்டுக்கு நாற்பது இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பிடியரிசியைக் கொண்டு அதைக் கட்டி முடிக்க 500 ஆண்டுகள் வேண்டும்.

குடும்பச் சிக்கனத்தைப் பற்றி நாம் எழுதுவனவும் பேசுவனவும் பெரும்பாலும் இந்தப் பிடிக்குள்ளேயே நின்றுவிடுகின்றன என்பதுதான் என் குறை. தேயிலைத் தூளை இருமுறை கொதிக்க வைத்தல், எரியும் மின்விளக்கை அணைத்தல், சவர்க்காரத்தின் கடைசித் துண்டைப் புதியதன்மேல் ஒட்டுதல் என்பன யாவும் நல்லனவே. இவை யாவும் பெண்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவை என்பதும் உண்மை. தெரிந்தவர்களுக்கே திரும்பத் திரும்ப உபதேசித்துவிட்டு, குடும்பத்தின் பொருளை உண்மையிலே விழுங்கும் செலவுகளைக் காணாதவர்போல் கடந்து விடுகின்றோம்.

வருவாய் வரும் வழி சிறிதாயினும் போகும் வழி அகலாவிடின் கேடில்லை என்ற கருத்துடைய குறளை நம் ஆசிரியர்கள் எல்லாரும் மனைப்பொருளியல் பாடத்திலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும் எடுத்தாளுவர். அக்குறள் இடம்பெற்றிருப்பது வலியறிதல் என்னும் அதிகாரத்தில். அந்த அதிகாரம் அரசனை நோக்கியது. படையெடுக்கும் முன் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எண்ணிப் பார்க்குமாறு அவனுக்குச் சொல்வது. வரவுக்குத் தக்க வாழ்க்கை நடத்துமாறு மனைவிக்கும் வள்ளுவர் சொல்லியிருக்கின்றார். அது வாழ்க்கைத் துணைநலத்தில் வேறாக உள்ளது. அவர் இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்ததை நாம் ஒருவர் தலையிலேயே ஏற்றிவிட்டோம். 2022ஆம் ஆண்டில் இந்நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று அறிவித்தபோது, அரசனுக்குரிய அந்தக் குறளை அரசுக்கு நினைவூட்டியவர் மிகச் சிலரே. வீட்டுத் தோட்டம் செய்க, ஒருவேளை உணவைச் சுருக்குக என்று மக்களுக்குப் புத்தி சொன்னவரோ பலர்.

அவ்வாண்டு நம் குசினிகளில் நிகழ்ந்தவற்றை நான் மறக்கவில்லை. 2021 ஒக்டோபர் வரை 1493 ரூபாயாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்பிரலில் 4860 ரூபாயாயிற்று. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் 340 ரூபாய்க்கு ஏறியது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அதற்கு முந்திய ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதனால் வயலும் கைகொடுக்கவில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி 2022 செப்தெம்பரில் ஓராண்டுக்குள் பொருள் விலைகள் 69.8 வீதமும், உணவு விலைகள் மட்டும் 94.9 வீதமும் உயர்ந்திருந்தன. அதாவது, முந்திய ஆண்டில் நூறு ரூபாய்க்கு உண்டதை உண்பதற்கு ஏறக்குறைய இருநூறு ரூபாய் வேண்டியிருந்தது. சம்பளம் இரட்டிக்கவில்லை.

அந்த நாட்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு மாத வீட்டுக் கணக்கை எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவி மிகவும் ஒழுங்காக எழுதியிருந்தாள். வாப்பாவுக்கு ஒரு பத்தி: பீடி, பஸ் கூலி, வலைத் திருத்தம். தம்பிக்கு ஒரு பத்தி. வாப்பும்மாவுக்கு மருந்துச் செலவுடன் ஒரு பத்தி. தனக்கும் ஒன்று. தாயாருக்கு மட்டும் பத்தி இல்லை. மறந்துவிட்டாளோ என்று கேட்டேன். "உம்மாக்குச் செலவில்ல, சேர்" என்றாள். அந்த வீட்டின் சேமிப்பு எங்கிருந்து வந்ததென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. முட்டையை நிறுத்தி, பாலை நிறுத்தி, மீன் துண்டைச் சிறிதாக்கி, எல்லாரும் உண்ட பின் மீந்ததை உண்டு சேமிப்பதைச் சிக்கனமென்று சொல்ல என் நாவு எழவில்லை. உடம்பை அடகுவைத்து எடுத்த கடன் அது; அதன் வட்டி இரத்தச்சோகையாகவும் கண் மங்கலாகவும் பின்னர் வசூலாகும். அவளது கொப்பியில் உம்மாவுக்கென்று ஒரு பத்தியை என் கையாலேயே கோடிட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் அதிலே 'பனடோல் ஒரு கார்ட்' என்று எழுதியிருந்தாள்.

கொப்பி என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகின்றது. 1956இல் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை, நம் வயல்களில் சூடடித்த பின் எஞ்சிய வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்தது. எரித்துச் சாம்பலாக்குவதை எழுதும் தாளாக்கியது எத்துணைப் பெரிய சிக்கனம்! அந்த ஆலை நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசித் தட்டுப்பாட்டினால் பாடசாலைப் பரீட்சைகளைப் பின்போட நேர்ந்தது. எழுதாத தாள்களைப் பழைய கொப்பிகளிலிருந்து பிரித்துத் தைத்து, புதிய கொப்பியாக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகள் அவ்வாண்டு மீண்டும் கற்றனர். இவ்வாலையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்தனர் என்பதைச் சொல்லாமல் விட இயலவில்லை.

ஆசிரிய நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். புத்தகமும் சீருடைத் துணியும் அரசு தருகின்றது. ஆயினும் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை தனியார் வகுப்புக்கென்று ஒவ்வொரு வீடும் கொடுக்கும் பணத்தைக் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அது அரிசிச் செலவை அடுத்து நிற்கின்றது. காலையில் பாடசாலையில் சொல்லாது விட்டதை மாலையில் கொட்டிலில் கூலிக்குச் சொல்லும் வழக்கம் நம்மிடையே இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? அந்தச் செலவைக் குறைக்கும் ஆற்றல் பெற்றோரிடம் இல்லை. அது நம் கையிலேயே உள்ளது. இதற்குமேல் இதை விரித்தால் என் பழைய சகாக்கள் என்னோடு தேநீர் குடிக்கமாட்டார்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், மணமாகும் மகளுக்குப் பெற்றோர் வீடு கொடுப்பது மரபு. மணமகன் பெண்வீட்டுக்கே குடிவருகின்றான். இதைச் சீதனக் கொடுமையென்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் உளர். நான் அவ்வாறு தள்ளத் துணியேன். தன் பெயரில் உறுதி எழுதப்பட்ட வீட்டிலே வாழும் பெண்ணை எவரும் நள்ளிரவில் வெளியே போவென்று சொல்ல முடியாது. கணவன் இறந்தாலும், விட்டுப் போனாலும், போரிலே காணாமற் போனாலும் கூரை அவளுடையது. இப்பிரதேசம் கண்ட துயரங்களுக்கு நடுவே அந்தக் கூரைகள் எத்தனை குடும்பங்களைக் காத்தன என்பதை இங்குள்ளோர் அறிவர். இந்த வகையில் வீடு என்பது நம் மக்களின் மிகப் பெரிய சேமிப்பும் ஆகும்.

கேடு விளைவது வீடு கொடுப்பதனால் அன்று. எத்தகைய வீடு என்பதனால். கிடுகு வேய்ந்த மண்வீட்டில் என் தலைமுறையினரின் தாய்மார் மணவாழ்வைத் தொடங்கினர். பின்னர் ஓட்டுவீடு வந்தது. இப்போது மாடி கேட்கின்றனர். அதன்மேல் கைக்கூலி, அதாவது மாப்பிள்ளை வீட்டார் கையிலே வாங்கும் ரொக்கம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே இச்சொல் இடம்பெறும் அளவுக்கு அது வேரூன்றியது. மார்க்கம் மஹரை மணமகன்மீது கடமையாக்கியிருக்க, நடப்பது நேர்மாறாக உள்ளது. தளவாடமும் மோட்டார் சைக்கிளும் பட்டியலில் சேர்கின்றன. மூன்று பெண்களைப் பெற்றவர் முப்பது வயதில் கொத்தனாரைத் தேடத் தொடங்கி அறுபது வயதிலும் சீமெந்துக் கணக்கே பார்த்துக்கொண்டிருக்கின்றார். இதற்காகவே பலர் கத்தாருக்கும் சவூதிக்கும் போகின்றனர். தாய்மாரே பணிப்பெண்களாய்ப் போய், மகளுக்கு வீடு கட்டி, அந்த மகள் வளர்ந்ததைப் பார்க்காமல் திரும்பி வந்ததும் உண்டு.

ஒரே பாலத்தின்மேல் ரயிலும் மோட்டார் வண்டிகளும் மாறி மாறிச் சென்ற காலத்தை ஓட்டமாவடியில் நடுவயதினர் எல்லாரும் அறிவர். 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்ட பின் வண்டிகள் நிற்பதில்லை. நின்றுபோகும் வழக்கமுள்ள என்போன்றோர் பாலத்தருகே நின்று ஊரைப் பார்த்தால், வீட்டுக்கு வீடு தட்டின்மேலே துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். மேல்மாடி கட்டும் நாளை எதிர்பார்த்து விட்டவை அவை. இளைய மகளுக்கு மேலே, மூத்தவளுக்குக் கீழே என்ற திட்டம். அந்தக் கம்பிகளில் அடங்கியுள்ள இரும்பின் விலையையும், அவற்றைத் தாங்குவதற்கென்றே தடிப்பாக்கிய தூண்களின் விலையையும் எந்தப் பிடியரிசி ஈடு செய்யும்? என் வீட்டுத் தட்டிலும் அத்தகைய கம்பிகள் எட்டு உள. இரண்டாம் மகள் மணம் முடித்துத் திருகோணமலைக்குப் போய் ஒன்பது ஆண்டாயிற்று.

இரண்டறை வீடொன்றைக் கட்டி, பின்னர் வசதி வரும்போது மணமக்களே பெருப்பித்துக்கொள்ளட்டும் என்று ஓர் ஊரில் பத்துக் குடும்பங்கள் முன்கூட்டியே உடன்பட்டால் போதும். பதினொன்றாவது குடும்பம் மாடி கேட்க வெட்கப்படும். தனியொருவர் முயன்றால் இது நடவாது. அவர் மகள் வீட்டிலேயே இருக்க நேரும். ஆகவே இதை வீட்டுச் சிக்கனமென்று சொல்வதைவிட ஊர்ச் சிக்கனமென்பதே பொருந்தும்.

ஊர்ச் சிக்கனத்துக்கு நம்மிடம் ஒரு நல்ல கருவியும் இருக்கின்றது. அதுவே சீட்டு. பத்துப் பெண்கள் மாதம் 5000 ரூபாய் வீதம் போட்டு, குலுக்கியெடுத்து, ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு 50,000 கொடுப்பர். எழுத்தில்லை, பிணையில்லை, வட்டியில்லை. ஆங்கிலேயர் ஆட்சியிலேயே, 1935இல், சீட்டுகளுக்கென்று தனியே கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டிய அளவுக்கு இது நாடெங்கும் பரவியிருந்தது. 1885 முதல் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியும், அதனையும் ஏனையவற்றையும் இணைத்து 1972இல் தொடங்கிய தேசிய சேமிப்பு வங்கியும் இருந்தபோதிலும், வட்டியை விலக்கி வாழ விரும்பும் முஸ்லிம் குடும்பங்களுக்குச் சீட்டே நெருங்கிய வங்கியாயிற்று.

ஆயினும் அதிலும் ஒரு பொத்தல் உண்டு. 2022 அதைக் காட்டிக்கொடுத்தது. 2021 செப்தெம்பரில் தொடங்கிய சீட்டொன்றை எண்ணிப் பாருங்கள். முதல் மாதம் எடுத்தவள் அந்த 50,000 ரூபாய்க்கு 33 சிலிண்டர் வாங்கியிருக்கலாம். 2022 ஜூனில் கடைசியாக எடுத்தவளுக்குப் பத்து மட்டுமே, அதுவும் கிடைத்தால். இருவரும் போட்டது ஒரே தொகை. அவசரமில்லை, மற்றவர் எடுக்கட்டும் என்று பொறுத்திருந்தவளே அதிகம் இழந்தாள். வங்கியிலே போட்டு வைத்தவர்கள் தப்பினார்கள் என்றும் எண்ண வேண்டாம். எழுபது வீதம் விலை ஏறும் ஆண்டில் எந்தச் சேமிப்புப் புத்தகத்தின் வட்டியும் அதற்கு ஈடாகாது. தென்னையை நட்டுச் சேமித்தவர்களை 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி ஒரே இரவில் ஓட்டாண்டிகளாக்கியதை நான் கண்டிருக்கின்றேன். விலையேற்றமும் ஒரு சூறாவளியே. ஒலி கேளாது, அவ்வளவுதான்.

சீட்டு இல்லாத இடத்தில் என்ன நுழைந்ததென்பதையும் பார்த்தோம். போருக்குப் பின் நுண்கடன் கம்பனிகள் கிழக்கிலும் வடக்கிலும் வீடு வீடாக வந்தன. வாராவாரம் மரத்தடியில் பெண்களைக் கூட்டி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டுமென்று பிணைத்தன. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று மூன்று நான்கு அட்டை வைத்திருந்தவர்கள் பலர். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு கடன் நிவாரணம் அறிவித்தது. அவ்வாண்டு இறுதியில் மத்திய வங்கி நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பிட்டது. முப்பத்தைந்து வீதம் நிவாரணமாகத் தோன்றியதெனின் அதற்கு முன்னிருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பெண்களிடம் போய்ச் சிக்கனத்தின் சிறப்பைப் பேச எவருக்குத் துணிவு வரும்?

சீட்டின் பொத்தலை அடைக்க எனக்கொரு வழி தோன்றுகின்றது. தொகையை ரூபாயில் நிறுத்தாமல் அரிசியில் நிறுத்தினால் என்ன? மாதந்தோறும் ஒருவர் போடவேண்டியது 20 கிலோ அரிசியின் அன்றைய சந்தை விலை. எடுப்பவருக்குக் கிடைப்பது 200 கிலோவின் விலை. அரிசி ஏறினால் தவணையும் ஏறும், கிடைப்பதும் ஏறும்; இறங்கினால் இரண்டும் இறங்கும். முதலில் எடுத்தவளும் கடைசியில் எடுத்தவளும் ஒரே அளவு சோற்றையே பெறுவர். நம் முன்னோர் விதைநெல்லைக் கடன் கொடுத்து நெல்லாகவே வாங்கியது புதுமையன்று. கூடுதலாகக் கட்டும் ரூபாய் வட்டியாகுமா ஆகாதா என்பதை மார்க்கமறிந்தோர் தீர்த்துச் சொல்லட்டும்; அதில் நான் வாய் வைப்பது முறையன்று. கூலி ஏறாத காலத்தில் தவணை ஏறினால் எப்படிக் கட்டுவதென்ற கேள்வியும் நியாயமானதே. அதற்காகவே நாட்கூலியை நம்புவோர் மட்டுமே சேர்ந்த சீட்டுக்கு இது பொருந்தாதென்று கருதுகின்றேன். மாதச் சம்பளம் பெறுவோரும் கடை வைத்திருப்போரும் கலந்திருப்பது நன்று.

எங்கள் ஒழுங்கையில் இருபது ஆண்டுகளாகச் சீட்டு நடத்தும் ராத்தா ஒருவரிடம் இதை விளக்கினேன். அவர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் எவருக்கும் ஒரு சதம் பிசகாமல் கணக்குச் சொல்பவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "அரிசி விலைய ஆர் சொல்ற, மாஸ்டர்? நீங்க சொல்ற விலையா, கடக்காரன் சொல்ற விலையா?" என்று கேட்டார். நான் அதை எண்ணியிருக்கவில்லை. மாதத்தின் முதல் வெள்ளியன்று சங்கக்கடையில் எழுதிப் போட்டிருக்கும் விலையே விலை என்று இருவருமாகப் பேசி முடிவு செய்தோம். முதற்சீட்டைத் தாம் எடுப்பதில்லையென்றும் அவர் ஒப்புக்கொண்டார். இதுவரை ஆறு பேர் சேர்ந்துள்ளனர். நான்கு பேர் குறைவாக இருக்கின்றது.